ஓட்டுப் போடும்போது அரசின் கடனை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் மேடையில் "மாநிலத்தைக் கடனில் மூழ்கடித்துவிட்டார்கள்" என்று முழங்கிய அதே பேச்சாளர், பத்து நிமிடம் கழித்து "நாங்கள் வந்தால் மாதம் இவ்வளவு தருவோம்" என்கிறார். கீழே நிற்கிறவர்கள் இரண்டுக்கும் கை தட்டுகிறார்கள். அப்படியானால் மக்களுக்குக் கணக்கே தெரியாதா? தெரியும் என்பது என் வாதம். ஆனால் அவர்கள் போடும் கணக்கு பட்ஜெட் புத்தகத்தில் இருக்கும் கணக்கு இல்லை. கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

"குடும்பத்துக்கு இத்தனை லட்சம் கடன்" என்கிறார்களே, அது நிஜமா?

வகுத்தல் நிஜம்தான். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டின் கடன் 5.70 லட்சம் கோடி என்றும், குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்றும் சொன்னது. அந்த எண் டீக்கடை வரைக்கும் வந்தது. பிறகு 2025-26 பட்ஜெட், 2026 மார்ச் இறுதியில் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டது. அப்போது எதிர்க்கட்சிகள் அதை வகுத்துச் சொல்லின. ஆட்சி மாறினால் வகுக்கிறவர் மாறுவார், அவ்வளவுதான்.

இந்த எண் பயமுறுத்தும், ஆனால் எதையும் சொல்லாது. உங்கள் வீட்டுக்கு யாரும் 2.63 லட்சத்துக்கு நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, மாநிலத்தின் மொத்தப் பொருளாதாரத்தில் கடன் எவ்வளவு? 9.29 லட்சம் கோடி என்பது சுமார் 26 சதவீதம். இன்னொன்று, வருகிற வருவாயில் வட்டிக்கு எவ்வளவு போகிறது? தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நூறு ரூபாய் வந்தால் இருபது ரூபாய் வட்டிக்கே எடுத்து வைத்துவிட்டுத்தான் சம்பளம், ஓய்வூதியம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம். என்னைக் கேட்டால் மேடையில் பேச வேண்டிய எண் இதுதான். ஆனால் இதற்கு யாரும் கை தட்ட மாட்டார்கள்.

கடனை ஏற்றிய அரசு தோற்குமா? சிக்கனம் பிடித்த அரசு ஜெயிக்குமா?

நம் பக்கத்து அனுபவம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

2001-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை போட்டது. அதோடு நிற்கவில்லை, நிஜமாகவே செலவை வெட்டியது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் நின்றது. மாத வருமானம் ஐயாயிரத்தைத் தாண்டிய குடும்பங்களின் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை விழுந்தது. அந்தக் கார்டுக்கு அரிசி கிடையாது. அரசு ஊழியர் சலுகைகள் குறைந்தன. 2003 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

நிதி நிலைமை தேறியதா என்றால், தேறியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் தமிழ்நாடு வருவாய் உபரிக்கே, அதாவது அன்றாடச் செலவு போக மிச்சம் நிற்கும் நிலைக்கே, வந்தது. ஓட்டுப் பெட்டி என்ன சொன்னது? 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும், புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதையும் தி.மு.க. கூட்டணி அள்ளியது. முடிவு வந்த சில நாட்களில் இலவச மின்சாரம் திரும்பியது, 'எச்' முத்திரை போயிற்று. கூட்டணிக் கணக்கும் அந்தத் தோல்விக்குக் காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் தேர்தலுக்கு முன் கொடுப்பதைப் பிடுங்கவில்லை. அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

சரி, அள்ளிக் கொடுத்தால் ஜெயித்துவிடலாமா? அதுவும் இல்லை. 2006-ல் வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி தி.மு.க.வுக்குக் கைகொடுத்தது. வீடுவீடாக டிவியும் வந்தது. 2011-ல் அந்த டிவியைப் பார்க்கத்தான் கரண்ட் இல்லை. அந்த ஆண்டு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று இன்னொரு பட்டியல் வந்தது. வீட்டில் டிவி இருந்தவர்களும் மாற்றித்தான் போட்டார்கள். வாங்கியதற்கு நன்றிக்கடனாக ஓட்டுப் போடும் பழக்கம் நம் மக்களிடம் குறைவு. "அது நம்ம காசுதானே" என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் கடனைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லையா?

கடன் என்ற பெயரில் வந்தால் கவலை இல்லை. பஸ் கட்டணமாக, வீட்டு வரியாக, பூட்டிய ரேஷன் கடையாக வரும்போது உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதனால்தான் கசப்பான மருந்தைத் தேர்தல் முடிந்த பிறகு ஊற்றுகிறார்கள். 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது; நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் முதல் தேதி சொத்து வரி உயர்வு. ஆட்சி வேறு, கட்சி வேறு, காலண்டர் ஒன்றுதான். தேர்தல் அறிக்கையில் எழுதாத செலவையும், தேர்தலுக்கு மறு மாதம் வரும் அறிவிப்பையும் சேர்த்துப் படிக்கப் பழகிவிட்டால் பாதி அரசியல் புரிந்துவிடும்.

புதுச்சேரியில் ரேஷன் கடைகள்தான் இதற்குச் சரியான உதாரணம். அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஆனது. கடைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. கணக்குப்படி பார்த்தால் பணமாகக் கொடுப்பது சிக்கனம், கசிவும் குறைவு என்று வாதாடலாம். ஆனால் தெருவில் பூட்டிய ஷட்டரைத் தினமும் பார்க்கிறவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்ட கேள்வி அது. ஆளும் கூட்டணியின் வேட்பாளர் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன், கடைகள் திறந்தன. தேசியக் கடன் எத்தனை சதவீதம் என்று எந்தத் தெருவிலும் யாரும் கேட்கவில்லை.

புதுச்சேரிக்கு மட்டும் தனிக் கணக்கா?

ஆமாம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடலூர்க்காரர்களுக்கும் பயன்படும்.

தமிழ்நாடு மாநிலம். மத்திய வரிகளில் ஒரு பங்கு நிதிக்குழு சொல்கிறபடி அதற்கு வந்தாக வேண்டும். 15-வது நிதிக்குழுவில் மாநிலங்களுக்கான 41 சதவீதத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். குறைவு என்று சண்டை போடலாம், ஆனால் அது உரிமை. புதுச்சேரி சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். நிதிக்குழு வரம்புக்குள் அது வராது. மத்திய அரசு தருவது மானியம். எவ்வளவு என்பது டெல்லி முடிவு செய்வது. பட்ஜெட்டைக்கூட டெல்லியின் ஒப்புதல் வாங்கித்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதனால்தான் பல வருடங்கள் மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கி, முழு பட்ஜெட்டைப் பிறகு போட்டார்கள்.

2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிக் கணக்கு தொடங்கியபோது, பழைய கடன் 2,177 கோடியும் அதன் தலையிலேயே விழுந்தது. அதைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025-26 பட்ஜெட் 13,600 கோடி. அதில் பாதிக்குச் சற்று மேல் சொந்த வருவாய், சுமார் நாலில் ஒரு பங்கு மத்திய உதவி, மீதியின் பெரும்பகுதி கடன்.

இந்த அமைப்பு வாக்காளரின் கணக்கையே மாற்றிவிடுகிறது. கடலூரில் "இவர் நன்றாக நிர்வாகம் செய்வாரா" என்று பார்ப்பார்கள். புதுச்சேரியில் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: "இவர் டெல்லிக்குப் போனால் காசு வருமா?" மத்தியில் ஆளும் கட்சியோடு கூட்டணி வைத்தால் நிதி கொட்டும் என்று ஒரு தரப்பு, அப்படி வைத்தும் என்ன கொட்டியது, பழைய கடன் அப்படியே இருக்கிறதே என்று இன்னொரு தரப்பு. மாநில அந்தஸ்து கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் உயிர் பெறுவதற்கு இந்தக் கஜானாவும் ஒரு காரணம். மாநிலமானால் பங்கு உரிமையாக வரும். ஆனால் இன்றைய மானியம் போகும். எது லாபம் என்று கூட்டிக் கழித்து மேடையில் சொன்ன தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃபெஞ்சல் புயலுக்குப் பாகூரில் ஐயாயிரம், ரெட்டிச்சாவடியில் இரண்டாயிரம். ஏன்?

பாகூர் புதுச்சேரியில், ரெட்டிச்சாவடி கடலூரில். இரண்டு அரசு, இரண்டு முடிவு. 2024 நவம்பர் 30-ல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாய் என்றது. தமிழ்நாடு அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 என்றது.

எல்லையில் இது எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு ஒரு காட்சி. எனக்குத் தெரிந்த இரண்டு சகோதரிகள். அக்காளை ரெட்டிச்சாவடிப் பக்கம் கொடுத்திருக்கிறது, தங்கையைப் பாகூரில். இருவர் வீட்டிலும் தண்ணீர் முழங்கால் அளவு. தங்கை சொன்னாள்: "உங்க அரசாங்கத்துக்கு மனசு இல்லக்கா." அக்காள் விடவில்லை: "எங்களுக்கு மாசம் ஆயிரம் எல்லார் வீட்டுக்கும் வருதுடி. பஸ்ஸுக்குக் காசு இல்ல. உனக்கு ரேஷன் கடையையே இப்பதான தொறந்தாங்க? அஞ்சாயிரம் ஒரு தடவ. கணக்குப் போட்டுப் பாரு."

தங்கை போட்டுப் பார்த்தாளா தெரியாது. ஆனால் அக்காள் செய்ததைக் கவனியுங்கள். ஒருமுறை வரும் தொகையையும் மாதாமாதம் வருவதையும் பிரித்தாள். பஸ் செலவு மிச்சத்தை வருமானமாகச் சேர்த்தாள். "எல்லார் வீட்டுக்கும்" என்றது மட்டும் கொஞ்சம் மிகை. மகளிர் உரிமைத் தொகைக்கு நிபந்தனைகள் உண்டு. ஐந்தாயிரம் எங்கிருந்து வந்தது, இரண்டாயிரத்தில் நிறுத்தியதால் மிச்சமான பணம் எங்கே போனது என்று மட்டும் இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத வரைக்கும் அரசுகளுக்கு நிம்மதி.

மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டம்தான் கடனுக்குக் காரணமா?

பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் 1.15 கோடிப் பெண்கள், வருடம் ஆளுக்கு 12,000. மொத்தம் 13,800 கோடி. 2025-26-ல் ஒதுக்கியதும் ஏறக்குறைய அதே தொகைதான், 13,807 கோடி. சின்னத் தொகை இல்லை. ஆனால் அதே வருடம் வட்டிக்குப் போவது இதைப் போல ஐந்து மடங்கு. இந்தத் திட்டம் தொடங்கிய 2023 செப்டம்பருக்கு முன்பே கடன் மலையாக இருந்தது. மின்வாரியத்தின் நஷ்டம், ஓய்வூதியம், சம்பளம், பழைய வட்டி எல்லாம் சேர்ந்து ஏற்றியது அது. ஆக, இத்திட்டம் மட்டுமே காரணம் என்பது பொய்.

இதனால் கஜானாவுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் பொய்தான். 2025-26-ல் வருவாய்ப் பற்றாக்குறை 41 ஆயிரம் கோடிக்கு மேல். அதாவது அன்றாடச் செலவுக்கே கடன். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்தத் திட்டம் வரும். யாராவது "இரட்டிப்பாக்குவோம்" என்றால் இன்னொரு 13,800 கோடி எங்கிருந்து என்று கேட்பது நியாயமான கேள்வி. புதுச்சேரியில் வேறு உதவி எதுவும் பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் என்று 2023 ஜனவரியில் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் அதை 2,500 ஆக்குவதாக முதல்வர் ரங்கசாமி அறிவித்தார். கேள்வி அங்கேயும் அதேதான்.

பெண்கள் கையில் போகும் ஆயிரம் வீண் என்று சொல்லும் ஆண்கள் பெரும்பாலும் டாஸ்மாக் வரிசையில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள். 2024-25-ல் அந்தக் கடைகளால் அரசுக்கு வந்தது 48,344 கோடி. வீட்டிலிருந்து எடுத்ததில் கால்வாசிக்கும் சற்று அதிகமாக வீட்டுக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவாக இருப்பது யாருக்கு லாபம்?

எல்லையை ஒட்டிய கன்னியக்கோயில் பெட்ரோல் பங்க்குகளில் நிற்கும் டிஎன் 31 (கடலூர்) வண்டிகளை எண்ணிப் பாருங்கள். கடலூர் வாக்காளர் புதுச்சேரி கஜானாவுக்கு வரி கட்டிவிட்டு வருகிறார். ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு மாநிலங்கள் தாமே கூட்டிக் குறைக்க முடிகிற பெரிய வரிகள் பெட்ரோல், மது, பத்திரப்பதிவு, வாகனம் என்று சுருங்கிவிட்டன. பக்கத்தில் ஒருவர் குறைவாக விற்றால் இன்னொருவர் நினைத்தபடி ஏற்ற முடியாது.

மத்திய அரசின் கடன்? மக்களவைத் தேர்தலில் அதைப் பார்க்கிறார்களா?

பார்ப்பதே இல்லை. இத்தனைக்கும் அதுதான் பெரிய கடன். 2025-26 மத்திய பட்ஜெட் 50.65 லட்சம் கோடி, அதில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கு. செலவில் நாலில் ஒரு பங்கு.

"உலக வங்கிக்கு நாட்டை அடகு வைத்துவிட்டார்கள்" என்பது பழைய மேடை வசனம். மத்திய அரசின் கடனில் வெளிநாட்டுப் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகள், எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி போன்றவை வாங்கிய பத்திரங்கள். உங்கள் பாலிசிப் பணமும் அதில் இருக்கலாம்.

நிஜமாகவே தங்கத்தை அடகு வைத்த வருடம் 1991. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டும் இருந்தது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பொதுத்தேர்தல். ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பின் அதிர்ச்சியில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின. சுதந்திர இந்தியாவின் மிக மோசமான கடன் நெருக்கடியின்போது நம் ஊரில் அது தேர்தல் பேச்சே இல்லை.

இலங்கை மாதிரி ஆகிவிடுமா?

ஒரு மாநிலம் அப்படி ஆகாது. தமிழ்நாடு பெரும்பாலும் ரூபாயில்தான் கடன் வாங்குகிறது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வரம்பைத் தாண்டவும் முடியாது. இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் 2022 ஏப்ரலில் கைவிரித்தது.

ஆனால் அங்கிருந்து கவனிக்க வேண்டியது வேறு. 2019 தேர்தலில் ஜெயித்தவர்கள் வாக்களித்தபடி மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். இலவசம் கொடுத்து மட்டும் கஜானா காலியாவதில்லை, வரியைக் குறைத்தும் காலியாகும். பின்னாலேயே கொரோனா வந்து சுற்றுலாவும் போனது. நம் ஊரில் மிக்ஸிக்கு "இலவசம்" என்று பெயர். வரிச்சலுகைக்கு அந்தப் பெயர் கிடையாது. ஏன் என்று யோசியுங்கள்.

இலவச வாக்குறுதி சட்டப்படி சரிதானா?

சரிதான் என்றது உச்ச நீதிமன்றம், 2013 ஜூலையில். வழக்கே நம் தமிழ்நாட்டு டிவி, கிரைண்டர் வழக்கு. தேர்தல் அறிக்கை வாக்குறுதி லஞ்சத்தில் சேராது, ஆனால் தேர்தல் ஆணையம் விதிமுறை வகுக்க வேண்டும் என்றது. ஆணையமும் வகுத்தது: வாக்குறுதிக்குக் காரணமும், அதற்கான பணம் வரும் வழியும் சொல்ல வேண்டும். எத்தனை தேர்தல் அறிக்கைகளில் அந்த வழியைப் பார்த்திருக்கிறீர்கள்?

1967-ல் அண்ணா "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார். சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய அந்த ஒரு படித் திட்டமே செலவு தாங்காமல் நின்றது. இருந்தாலும் எது ஆசை, எது உத்தரவாதம் என்று பிரித்துச் சொன்ன அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும். இன்றைய அறிக்கைகளில் எல்லாமே நிச்சயம்.

ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் இதில் சேருமா?

சேராது. அது கட்சிக்காரர் கைக்காசு, குற்றம். ஆனால் ஜெயித்த பிறகு அதை எங்கே எடுப்பார் என்பது பொதுச்செலவுக் கேள்விதான்.

வேட்பாளர் வீட்டுக்கு வந்தால் என்ன கேட்கலாம்?

மொத்தக் கடனைக் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்து வைத்திருப்பார். கடன் வாங்கி எங்கள் தொகுதியில் என்ன கட்டினீர்கள், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். தென்பெண்ணையின் மேல்பக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 16 கோடியில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்த பாலம், டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. எதிர்பாராத வெள்ளம் என்றது அரசு, தரமில்லை என்றன எதிர்க்கட்சிகள். எதுவானாலும் மறுபடி கட்டுகிற செலவு மக்கள் தலையில்தான்.

புதுச்சேரியில் ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஆலை, கடைசியில் அரசுப் பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்து 2020-ல் மூடப்பட்டது. திறப்போம் என்பவரிடம் எந்தப் பணத்தில் என்றும், விற்போம் என்பவரிடம் யாருக்கு, எந்த விலைக்கு என்றும் கேட்கலாம். மின்துறைத் தனியார்மயத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். கடலூரில், சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாக வர வேண்டிய கடற்கரை ரயில் பாதை ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் மேடைக்கு வருகிறது. அடுத்த பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கப் போவது ஆயிரங்களிலா, கோடிகளிலா என்று கேளுங்கள். பெயரளவுக்கு ஒரு தொகை ஒதுக்கித் திட்டத்தை உயிரோடு வைப்பது டெல்லியில் பழைய வழக்கம்.

அப்புறம், "யோவ், அதெல்லாம் தலைமை பார்த்துக்கும்" என்று கூட வந்தவர் யாராவது குறுக்கே விழுவார். வேட்பாளர் பதில் சொல்கிறாரா, அவரைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.